சாமி படத்துக்கு முன்னால் வைத்த சாவி

வீட்டில் வைத்து டைமிங் பெல்ட் மாற்றவே கூடாது என்று, மெக்கானிக் வேலை பழகும் உங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். எனக்கும் அப்படித்தான் சொன்னார்கள். லிஃப்ட் வேண்டுமாம், நல்ல வெளிச்சம் வேண்டுமாம், ஏசி அறையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட ஒரு மேனேஜர் வேண்டுமாம். இது எதுவும் இல்லாமல் நெல் காயப்போடும் களத்தில் மாற்றியிருக்கிறேன். மாட்டுத் தொழுவத்துக்குப் பக்கத்தில் மாற்றியிருக்கிறேன். ஒரு தடவை கல்யாணப் பந்தலுக்கு அடியிலேயே வைத்து மாற்றினேன், மாப்பிள்ளை அந்த வண்டியில்தான் போக வேண்டியிருந்தது. பட்டறையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிட்டால் போகிறேன். இனியும் போவேன்.

ஆனால் ஒரே ஒரு தடவை என் வேலையில் ஒரு எஞ்சின் அடிபட்டது. அதைத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். ஒழுங்காக முடிந்த வேலைகளைப் பற்றிச் சொன்னால் நீங்கள் கொட்டாவி விடுவீர்கள். எனக்கும் அலுப்பாக இருக்கும்.

முதலில் என்னைப் பற்றிக் கொஞ்சம். எனக்குச் சொந்த ஊர் நாசரேத். எங்கள் ஊர்ப் பெண் என்றால் டீச்சர், இல்லாவிட்டால் நர்ஸ் என்று இந்த மாவட்டமே முடிவு கட்டி வைத்திருக்கிறது. என் அக்காமார் இரண்டு பேரும் டீச்சர்கள்தான். நான் ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் படிப்பு முடித்து, தூத்துக்குடி துறைமுகத்துக்குச் சரக்கு ஏற்றும் லாரிகளைப் பார்க்கும் ஒரு பட்டறையில் சேர்ந்தேன். முப்பது வருடம் அங்கேதான் இருந்தேன். முதல் நாள் என்னைப் பார்த்துவிட்டு, கணக்கெழுத வந்திருக்கிறாள் என்று நினைத்து நாற்காலி எடுத்துப் போட்டார்கள். நான் அந்த நாற்காலியின் மேல் ஏறி நின்று, எட்டாத ஸ்பேனரை எடுத்தேன்.

அங்கே இருந்த ஃபோர்மேன் அதிகம் பேசாதவர். லாரி உள்ளே வந்ததும் அதன் சாவியைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். டிரைவர், முதலாளி, துறைமுக அதிகாரி, யார் கேட்டாலும் வேலை முடிகிறவரை தரமாட்டார். "சாவி யார் கையில இருக்கோ அவன்தாம்ளா மெக்கானிக்" என்று ஒரு தடவை என்னிடம் சொன்னார். நானும் தலையாட்டினேன். அந்த முப்பது வருடமும் அதற்குப் பிறகும் அதன்படியே நடந்தேன். தப்பியது ஒரு சனிக்கிழமை மட்டும்தான்.

ஆழ்வார்திருநகரிக்குப் பக்கத்தில் ஆற்றுப்பாசனக் கிராமம் ஒன்று. சுற்றிலும் வயலும் வாழையும். அந்த ஊர் இசக்கியம்மாளுக்கு முப்பத்தைந்து வயது. கல்யாணப் பேச்சு வந்து வந்து, ஒரு கட்டத்தில் அவளே போதும் என்று சொல்லிவிட்டவள். தையல் தைத்துச் சேர்த்த காசில் பழைய டீசல் கார் ஒன்று வாங்கி, அந்தப் பக்கத்து டீச்சர்கள் நான்கு பேரைத் தினமும் ஓட்டப்பிடாரம் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்தாள். பஸ் என்றால் இரண்டு இடத்தில் மாறி ஏற வேண்டும். டீச்சர்களுக்கு அவள் வண்டி வந்த பிறகுதான் வீட்டில் காலைக் காப்பியை உட்கார்ந்து குடிக்க முடிந்ததாம்.

அவளுடைய அண்ணன் பெருமாளுக்கு இது ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. வண்டி அவள் பேரில்தான் இருந்தது. ஆனால் அந்த வீட்டில் அவன் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. "பொம்பள பிள்ள டாக்சி ஓட்டுதா" என்று ஊர் சொல்வது அவன் காதில் விழுந்துகொண்டே இருந்தது. வண்டி பெரிய செலவு வைத்த அன்றைக்கு விற்றுவிட வேண்டும் என்று தங்கையிடம் வாக்கும் வாங்கி வைத்திருந்தான். அவளும் வேறு வழியில்லாமல் சரி என்றிருந்தாள்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் டீச்சர்களை இறக்கிவிட்டுவிட்டு என்னைப் பார்க்க, நான் இப்போது இருக்கும் மாப்பிள்ளையூரணிக்கு வந்தாள். எஞ்சினில் ஏதோ கீச்சென்று கேட்கிறது என்றாள். மூடியைக் கழற்றிப் பார்த்தேன். பெல்ட்டின் ஓரம் நார் நாராகப் பிரிந்திருந்தது. உங்களுக்குத் தெரியும், அந்தப் பல் வைத்த ரப்பர் பட்டைதான் கீழே பிஸ்டனையும் மேலே வால்வையும் ஒரே தாளத்தில் வைத்திருக்கிறது. அது அறுந்தாலோ, நழுவினாலோ வால்வும் பிஸ்டனும் ஒன்றோடொன்று மோதிக்கொள்ளும். கம்பெனி சர்வீஸுக்குப் போன் போட்டுக் கேட்டாள். பத்து நாள் கழித்து வரச் சொன்னார்கள். திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு டீச்சர்கள் வாசலில் நிற்பார்கள். வேறொரு வேன்காரன் அவர்களிடம் ஏற்கெனவே பேசிவிட்டுப் போயிருந்தான்.

ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதே என்று சொல்லி, வண்டியை ஒரு குட்டியானை மினிலாரியின் பின்னால் கட்டி இழுத்து அவள் வீட்டுக்கே அனுப்பினேன். என் தெருவில் வைத்துப் பார்க்க இடமில்லை. அவள் வீட்டில் சிமெண்டு போட்ட களமும் மேலே தகரக் கூரையும் இருந்தன. மறுநாள் முதல் பஸ்ஸில் புது பெல்ட்டையும் கருவிப் பையையும் எடுத்துக்கொண்டு போய் இறங்கினேன்.

அங்கேதான் என் தப்பு நடந்தது. பெல்ட்டில் கை வைக்கும் முன்பே நடந்துவிட்டது.

வண்டியை ஒரு தடவை உயர்த்திப் பார்த்துவிட்டு, சாவியை எடுத்து என் பைக்குள் போடப் போனேன். இசக்கியின் அம்மா வந்தார். எழுபது வயதிருக்கும், மெலிந்த உடம்பு, கைகூப்பித்தான் பேசினார். வேலை நல்லபடியாக முடிகிறவரை சாவி சாமி படத்துக்கு முன்னால் இருக்கட்டும், அதுதான் அவர்கள் வழக்கம் என்றார். கையில் ஒரு எலுமிச்சம்பழமும் இருந்தது.

முதலாளிகளிடம் சாவி தரமாட்டேன் என்று சொல்லியிருக்கிறேன். குடித்துவிட்டு வந்த லாரி டிரைவரிடம் சொல்லியிருக்கிறேன். இந்த அம்மாவிடம் எனக்கு வாய் வரவில்லை. என் கழுத்தில் சிலுவை தொங்குகிறது. மறுத்தால், வேதக்காரி நம் சாமியை மதிக்கவில்லை என்று நினைத்துவிடுவார்களோ என்று ஒரு கூச்சம். சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்துவிட்டேன். அவர் உள்ளே கொண்டுபோய்ப் பூஜை அலமாரியில், பெருமாள் சாமி படத்துக்கு முன்னால் வைத்தார்.

பேட்டரி வயரைக் கழற்றிவிட்டோமே, சாவி எங்கே இருந்தால் என்ன என்று மனதைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அந்தச் சமாதானம்தான் என்னைக் கெடுத்தது.

வேலை நன்றாகவே போனது. அதை விவரமாகச் சொல்லப்போவதில்லை, உங்களுக்கே தெரியும். பெருமாள் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, போனில் பெல்ட் மாற்றும் வீடியோ ஒன்றை ஓடவிட்டு, என் கையையும் அதையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தான். "டீச்சர், இதுல அவன் வேற மாதிரி செய்யுதானே" என்று நடுநடுவே கேட்டான். நான் டீச்சர் இல்லை என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்து விட்டுவிட்டேன். மத்தியானம் ஒரு மணிக்குப் புது பெல்ட்டை மாட்டிவிட்டேன். ஆனால் அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரை இன்னும் முறுக்கவில்லை. பெல்ட் தொளதொளவென்று கிடந்தது.

சாப்பிட்டுவிட்டு வந்து முறுக்கலாம் என்று இசக்கி என் கையைப் பிடித்து இழுத்தாள். சனிக்கிழமை விரதச் சாப்பாடு, இலை போட்டாகிவிட்டது. நான் கை கழுவப் போனேன்.

அன்றைக்கு ஒன்றரை மணிக்கு எமகண்டம் தொடங்குகிறது. அதற்குள் வண்டி ஒரு தடவை உறுமிவிட்டால் நல்லது என்று அந்த அம்மாவுக்கு ஒரு எண்ணம். மகனிடம் சொன்னார். பெல்ட் மாட்டி முடிந்ததைத்தான் அவன் கண்ணால் பார்த்திருந்தானே. அம்மாவே அலமாரியிலிருந்து சாவியை எடுத்துக் கொடுத்தார். அவன் போய்த் திருகினான், வண்டி அசையவில்லை. பேனட்டுக்குள் பார்த்தான், பேட்டரி வயர் கழன்று கிடந்தது. அடடா, டீச்சர் இதை மாட்ட மறந்துவிட்டார் என்று நினைத்து, நல்ல மனதோடு அதை மாட்டிவிட்டான்.

நான் இரண்டாவது கவளம் எடுத்திருந்தேன். களத்தில் இரண்டு அடி விழுந்த மாதிரிக் கேட்டது, இரும்பில் இரும்பு மோதும் சத்தம். அப்புறம் ஸ்டார்ட்டர் மட்டும் லேசாக, வழுவழுவென்று சுற்றும் சத்தம். அழுத்தமே இல்லாமல் அது அப்படிச் சுற்றினால் உள்ளே என்ன ஆகியிருக்கும் என்பது எனக்குத் தெரியும். எச்சில் கையோடு ஓடினேன்.

பெருமாள் வண்டியிலிருந்து இறங்கி நின்றான். முகம் வெளுத்திருந்தது. ஆனால் வாய் அடங்கவில்லை.

"நான் சும்மா ஒரு திருகு திருகுனேன். அதுக்கே இப்படின்னா, நீங்க மாட்டுனதுலதான் ஏதோ கோளாறு."

இசக்கி என்னைப் பார்த்தாள். திங்கட்கிழமை என்ற ஒன்றுதான் அவள் முகத்தில் இருந்தது.

இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிற்கிறேன். ஏனென்றால் உங்களுக்கும் இப்படி ஒரு நிமிடம் வரும், அன்றைக்கு என்ன செய்யப்போகிறீர்கள் என்பதுதான் உங்கள் பிழைப்பு. எனக்கு முன்னால் மூன்று வழிகள் இருந்தன. சாவியைத் திருகியது நானில்லை, உன் அண்ணனைக் கேள் என்று பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறியிருக்கலாம். ஊரே என் பக்கம் நியாயம் சொல்லும். இரண்டாவது வழியைப் பெருமாளே என் காதருகில் வந்து சொன்னான்: பெல்ட்டை மாட்டி மூடியைப் போட்டு மூடிவிடுங்கள், ஓட்டப்பிடாரத்தில் ஒருவர் வண்டி கேட்டுக்கொண்டிருக்கிறார், இழுத்துக்கொண்டு போய்க் கொடுத்துவிடுகிறேன், உள்ளே வளைந்தது அவர் தலையெழுத்து. எனக்கு வந்த கோபத்தில், எஞ்சினைப் பார்க்கக் கையில் எடுத்திருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டுத்தான் அவனுக்குப் பதில் சொன்னேன். முடியாது என்று ஒரே வார்த்தைதான் சொன்னேன்.

மூன்றாவது வழிதான் மிச்சம். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இசக்கியிடம் பேசினேன்.

"இசக்கி, வால்வு வளஞ்சிருக்கும். சாவியத் திருகுனது ஒங்க அண்ணன். ஆனா சாவிய கைய விட்டது நான். என் பங்க நான் யார் தலையிலயும் கட்டமாட்டேன். ஒங்க அண்ணன் பங்க என் தலையில கட்டவும் விடமாட்டேன். ஹெட்ட எறக்கணும். திங்கக்கெழம ஓடணும்னா இப்பவே தொடங்கணும்."

அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, "என்ன செய்யணும்னு சொல்லுங்கக்கா" என்றாள்.

எஞ்சினின் தலையைக் கழற்றுவதை வீட்டில் வைத்துச் செய்யலாமா என்று கேட்காதீர்கள். செய்தோம். ஐந்து மணிக்கு அதை இறக்கிக் களத்தில் சாக்கு விரித்து வைத்தோம். எட்டு வால்வில் மூன்று வளைந்திருந்தன. பிஸ்டனில் லேசான தழும்புதான், தப்பித்தது. அந்த அம்மா பக்கத்தில் குத்துக்கால் வைத்து உட்கார்ந்து, வளைந்த வால்வு ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். காம்பு நீண்ட காளான் மாதிரி இருக்கும் அது. "நான் எடுத்துக் குடுத்ததாலயா" என்று கேட்டார். நான் கொடுத்ததால் என்றேன். அவர் அதைச் சாக்கின் மேல் மெதுவாக வைத்துவிட்டு எழுந்து உள்ளே போனார்.

ஹெட்டை ஒரு பழைய சேலையில் சுற்றி அரிசிச் சாக்கில் போட்டு, ஆளுக்கு ஒரு முனை பிடித்துத் தூத்துக்குடி பஸ்ஸில் ஏற்றினோம். மூட்டையில் என்ன என்று கண்டக்டர் கேட்டார். எஞ்சின் என்றேன். அரிசி கடத்துகிறோம் என்று நினைத்து அவர் மூட்டையைக் காலால் தட்டிப் பார்த்து, கால்விரலைத் தேய்த்துக்கொண்டே போய்விட்டார். இசக்கி அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தாள்.

எனக்குத் தெரிந்த லேத் பட்டறை அண்ணாச்சி கடையைச் சாத்திக்கொண்டிருந்தார். திங்கட்கிழமை பார்க்கலாம் என்றார். நான் அவருடைய ஸ்டூலை எடுத்து ஷட்டருக்கு நேர் கீழே போட்டு உட்கார்ந்துகொண்டேன். என்னை நசுக்காமல் ஷட்டர் இறங்காது. கொஞ்ச நேரம் முறைத்துவிட்டு விளக்கைப் போட்டார். மூன்று வால்வையும் தட்டி நிமிர்த்தித் தருகிறேன், சீக்கிரம் முடியும் என்று ஒரு யோசனை சொன்னார். வேண்டாம் என்றேன். ஒரு தடவை வளைந்து நிமிர்ந்த வால்வு என்றைக்கு உடையும் என்று யாருக்கும் தெரியாது. அந்த வண்டியில் நான்கு பேர் உட்காருகிறார்கள். எட்டும் புதிதாக வாங்கிக் கொடுத்தோம். அந்தச் செலவு என்னுடையது என்று சொல்லிவிட்டேன், இசக்கி மல்லுக்கு நின்றும் நான் அசையவில்லை. விடிந்து ஆறரைக்கெல்லாம் அண்ணாச்சி ஹெட்டைத் துடைத்து, பழைய வால்வுகளோடு கையில் கொடுத்தார். திட்டிக்கொண்டேதான் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை. எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து காய்ச்சல் இல்லாமல் நான் ஆராதனைக்குப் போகாத ஞாயிறு அது ஒன்றுதான். களத்தில் போய் இறங்கியதும் முதல் வேலையாக அந்த அம்மாவிடம் போய், சாவி எனக்கு வேண்டும் என்றேன். கூச்சப்படாமல் கேட்டேன். நல்ல நேரம் பார்ப்பதை நான் கேலி செய்யவில்லை. எங்கள் வீட்டிலும் ஜெபம் பண்ணாமல் எதையும் தொடங்கமாட்டோம். ஆனால் ஜெபம் செய்துவிட்டு டென்ஷனரை நாம்தான் முறுக்க வேண்டும். அவர் அலமாரியிலிருந்து சாவியை எடுத்துத் தந்தார். பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டே நாள் முழுக்க வேலை செய்தேன். பேட்டரியையே கழற்றி வெளியே வைத்துவிட்டேன்.

நான்கு மணி வாக்கில் பெல்ட் வரை வந்துவிட்டோம். அப்போது பார்த்துப் பெருமாள் ஓட்டப்பிடாரத்துக்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தான். நாலைந்து வண்டி வாங்கி விற்றவர், எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்த ஆள். அவர்களோடு அக்கம்பக்கத்து ஆண்கள் ஆறேழு பேர் வந்து தகரக் கூரைக்கு அடியில் நின்றார்கள். இசக்கிக்குப் போன் வந்தது. டீச்சர்களில் மூத்தவர் பேசினார். நாளைக்கு வண்டி உண்டா இல்லையா என்று ஆறு மணிக்குள் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் வேன்காரனுக்குச் சரி சொல்லிவிடப் போகிறார்கள். ஒருதடவை அவனுக்குச் சரி என்றால் பிறகு மாறமுடியாது என்றும் சொன்னாராம்.

நாலரைக்கு ராகு காலம். அதற்குள் ஸ்டார்ட் செய்து காட்டுங்கள் என்றான் பெருமாள். ஓடினால் இவர் நல்ல விலைக்கு எடுத்துக்கொள்வார், ஓடாவிட்டால் இரும்பு விலைக்கு. இசக்கி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

நான் சாவியை எடுக்கவில்லை. ஸ்பேனரைப் போட்டு எஞ்சினைக் கையால் சுற்றினேன். முழுதாக இரண்டு சுற்று. கையால் சுற்றும்போது தப்பு இருந்தால் தடுக்கும், அவ்வளவுதான், ஒன்றும் உடையாது. சாவியால் சுற்றினால் உடைந்த பிறகுதான் தெரியும். இரண்டாவது சுற்று முடிந்து அடையாளங்களைப் பார்த்தேன். கீழே உள்ளது நேராக வந்து நின்றது. மேலே உள்ளது நிற்கவில்லை. ஒரு பல் தள்ளி இருந்தது.

என் கைதான். மாட்டும்போது பெல்ட் ஒரு பக்கம் தொய்ந்திருக்கிறது, இறுக்கும்போது ஒரு பல் ஏறிவிட்டது. நேற்று நடந்ததில் பாதி என் தப்பு என்றால், இது முழுசும் என்னுடையது.

எட்டுப் பேர் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மணி நாலேகால். ஒரு பல் என்றால் எஞ்சின் ஓடும், இழுவை கொஞ்சம் குறையும், புகை கொஞ்சம் கூடும். இவர்கள் யாருக்கும் தெரியாது. அப்புறம் வேறொரு நாள் சத்தமில்லாமல் வந்து சரிசெய்துவிடலாம் என்ற நினைப்பு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய்.

நிமிர்ந்து நின்று சொன்னேன்.

"ஒரு பல்லு தள்ளி மாட்டிட்டேன். கழத்தித் திரும்ப மாட்டணும்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார். ஓட்டப்பிடாரத்துக்காரர் குனிந்து பார்த்துவிட்டு, ஒரு பல்லுக்கெல்லாம் ஒன்றும் ஆகாது, சாவியைப் போடுங்கள் என்றார். பெருமாள் கையை நீட்டினான்.

"நேத்து ஒரு தப்பு, இன்னைக்கு ஒரு தப்பு. சாவியக் குடுங்க டீச்சர், நானே எடுக்குதேன்."

பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். "தப்புன்னு சொல்லத் தெரிஞ்சவ கையிலதான் சாவி இருக்கும். நீங்க எல்லாரும் கொஞ்சம் வெளிச்சத்த மறைக்காம நில்லுங்க" என்றேன். திரும்ப உட்கார்ந்து, டென்ஷனரைத் தளர்த்தி, பெல்ட்டைக் கழற்றினேன். என் முதுகுக்குப் பின்னால் பேசியதெல்லாம் கேட்டது. கேட்டுக்கொண்டே மாட்டினேன். இரண்டு சுற்றுக்குப் பதிலாக நான்கு சுற்று சுற்றினேன். இரண்டு அடையாளமும் நேருக்கு நேர் வந்து நின்றன. இசக்கியைக் கூப்பிட்டு அவளையும் பார்க்கச் சொன்னேன். "நேரா இருக்குக்கா" என்றாள்.

பேட்டரியை வைத்து மாட்டும்போது மணி ஐந்தைத் தாண்டிவிட்டது. ராகு காலம் பாதிக்கு வந்திருந்தது. பெருமாள் அடுத்த முட்டுக்கட்டையைப் போட்டான்: ஆறு மணி ஆகட்டும், ராகு காலத்தில் யாராவது எஞ்சினுக்குத் திரும்ப உயிர்கொடுப்பார்களா. ஆறு மணிக்கு எடுத்தால் டீச்சர்களுக்குப் பதில் சொல்ல முடியாது. ஒரு சுற்று ஓட்டிப் பார்க்காமல் வண்டி உண்டு என்று சொல்ல நான் விடவும் மாட்டேன். இசக்கி என்னையும் அண்ணனையும் பார்த்தாள்.

நான் பையிலிருந்து சாவியை எடுத்து அவள் கையில் வைத்தேன். "என் வேலை முடிஞ்சுது. இனி ஒன் வண்டி. எப்ப எடுக்கணும்னு நீ சொல்லு" என்றேன்.

அவள் சாவியை வைத்துக்கொண்டு நின்றாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து வாயே திறக்காத அந்த அம்மா அப்போதுதான் வாசற்படியில் இருந்து பேசினார்.

"கெட்டது நல்ல நேரத்துலதான நடந்துச்சு. இப்பவே எடுளா."

இசக்கி உட்கார்ந்து திருகினாள். முதல் திருகில் பிடிக்கவில்லை. டீசல் ஏற வேண்டும், எனக்குத் தெரியும். மூன்றாவது திருகில் பிடித்தது. சீராக, தட்டல் இல்லாமல் ஓடியது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைத்தால் கிரீஸ் ஆகும் என்று அப்படியே விட்டுவிட்டேன். ஓட்டப்பிடாரத்துக்காரர் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இப்போதே வாங்கிக்கொள்கிறேன் என்றார். வண்டி விற்பனைக்கு இல்லை என்று இசக்கி வண்டிக்குள் இருந்தபடியே சொன்னாள். அண்ணன் முகத்தை அவள் பார்க்கவில்லை. ஆற்றுப்பாலம் வரை போய்த் திரும்பினோம். ஆறு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அவள் டீச்சருக்குப் போன் செய்தாள்.

இதிலிருந்து நீங்கள் எதை எடுத்துக்கொள்வீர்களோ எனக்குத் தெரியாது. பெல்ட்டை வீட்டில் வைத்து மாற்றாதே என்று எடுத்துக்கொண்டால் என்னிடம் வராதீர்கள். பெரிய பட்டறையிலும் ஒரு பல் தள்ளும். அங்கே அதைச் சொல்லாமல் மூடியைப் போட வசதி அதிகம், அவ்வளவுதான் வித்தியாசம். வீட்டு வேலையில் சாவி வீட்டுக்காரர் கைக்குப் போக நூறு அன்பான வழிகள் இருக்கின்றன. அதட்டிக் கேட்பவனிடம் மறுப்பது சுலபம், அதை எல்லாரும் பழகிவிடுவீர்கள். கைகூப்பிக் கேட்பவரிடம் மறுப்பதுதான் எனக்கு அறுபது வயதுக்கு மேல் வந்தது. உங்களுக்கு அதற்குள் வரட்டும்.

போன மாதம் ஆயில் மாற்ற அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். டீச்சர்கள் இப்போது ஐந்து பேராம், ஐந்தாவது ஆள் சீட்டுக்குச் சண்டை நடக்கிறதாம். பெருமாள் என்னைப் பார்த்ததும் நாற்காலியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டான். கை கழுவ உள்ளே போனபோது பூஜை அலமாரியைப் பார்த்தேன். படத்துக்கு முன்னால், முன்பு சாவி இருந்த இடத்தில், வளைந்த வால்வு ஒன்று துடைத்து வைக்கப்பட்டிருந்தது. அதன் தலையில் குங்குமமும் இருந்தது. அந்த அம்மாவிடம் கேட்டேன்.

"சாவிய எடுக்கன்னு எவனாவது அங்கன கைய விட்டா, அது தட்டுப்படட்டுமேன்னுதான்" என்றார்.

சாவி எங்கே என்று நான் கேட்க வேண்டியிருக்கவில்லை. ஒரு கையில் தண்ணீர்ச் செம்பும் மறுகையில் சாவியுமாகத்தான் அவர் நின்றிருந்தார். சாவியை முதலில் நீட்டினார். வாங்கிப் பையில் போட்டேன். பிறகு தண்ணீர் குடித்தேன்.